ஒரு காதில் கதை, மறு காதில் கழுதை: ஃபெஸ் பழைய நகரை நடந்து கேட்க ஒரு முழு வழிகாட்டி

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் நான் முதன்முதலாக நடந்த அன்று, போனில் இருந்த நீலப் புள்ளி ஒரு வீட்டுச் சுவருக்குள் புகுந்து, அடுத்த சந்தில் வெளியே வந்து, கடைசியில் ஒரு மசூதியின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. காதில் ஒரு குரல் பழைய மதரஸா ஒன்றின் அழகை உருகி உருகி வர்ணித்தது. என் எதிரே இருந்ததோ கோழிக் கடை. குரலை நம்பிக் கோழிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று யாரோ கத்தியது அந்தக் குரலைத் தாண்டிக் காதில் ஏறவில்லை. ஒரு கோவேறு கழுதை, இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர் சுமந்துகொண்டு, என் தோளை உரசிப் போனது.

'பார்த்து, ஒதுங்கு' என்பதுதான் பாலக். ஃபெஸ்ஸில் நீங்கள் கற்க வேண்டிய முதல் சொல்லும் அதுதான்.

அடுத்த முறை போனபோது ஒலி வழிகாட்டியை நானே தயாரித்துக்கொண்டேன், தமிழில். ஒரே பகல், ஒரே காதில் இயர்போன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஆயத்த ஆப் வைத்து நடப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஜிபிஎஸ் ஏன் இங்கே காலை வாருகிறது

ஃபெஸ் எல்-பாலி எனப்படும் பழைய நகரம் 1981 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே கார் கிடையாது. சந்துகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல் என்று சொல்வார்கள். யார் உட்கார்ந்து எண்ணினார்களோ, ஆனால் நடந்து பார்த்தால் எண்ணிக்கையோடு சண்டை போடத் தோன்றாது. சில சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். இரு பக்கமும் உயர்ந்த சுவர்கள், பல இடங்களில் மேலே மரச்சட்டமோ நாணல் பந்தலோ. வானம் ஒரு நாடா அளவுதான் தெரியும். செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. போன் அந்தத் தெறிப்பை நம்பி இடத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறது. இருபது அடி தவறினால் நம்மூர் மெயின் ரோட்டில் ஒன்றும் ஆகாது. இங்கே அது வேறு தெரு, சில சமயம் வேறு பேட்டை.

ஆகவே 'இந்தப் புள்ளிக்கு வந்ததும் தானாகப் பேசும்' வகை ஒலி வழிகாட்டியை இங்கே நம்ப வேண்டாம். ஆப் வைத்திருந்தால் தானியங்கியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பதிவையும் நீங்களே தட்டி ஓடவிடுங்கள். எங்கே தட்டுவது என்பதைக் கண், காது, மூக்கு, கால் நான்கும் சொல்லும். கால் எதற்கு என்றால், பழைய நகரம் ஒரு கிண்ணம் மாதிரி. மேற்கு விளிம்பில் நுழைவாயில், அடியில் ஆறு. இறக்கத்தில் போனால் நகரத்தின் மையத்துக்குப் போகிறீர்கள், ஏற்றத்தில் போனால் வெளியே. வழி தவறும்போது எந்த வரைபடத்தையும்விட இது உதவும்.

ஊரிலேயே செய்ய வேண்டியவை

முதலில் எழுத்து. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு விதப் பதிவு எழுதிக்கொள்ளுங்கள்: 'நின்று கேட்பது', 'நடந்து கேட்பது'. கதையெல்லாம் நின்று கேட்பதில்தான் வர வேண்டும். நடந்து கேட்பது அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, அதில் வழி மட்டும். 'இறக்கத்திலேயே போ, இடப்பக்கம் செருப்புக் கடைகள் தொடங்கும், அங்கே நில்' என்பது போல. இந்த ஒரு பிரிவினை செய்துவிட்டாலே கழுதை இடிக்கும் வாய்ப்பு பாதியாகிவிடும்.

நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில் வருகிறது என்பது என் கணக்கு. ஓர் இடத்துக்கு மூன்று நிமிடம் போதும். முன்னூறு சொல்லில் சொல்ல முடியாத கதையை நின்றுகொண்டு கேட்க முடியாது.

குரலை நீங்களே பதிவு செய்யுங்கள், அல்லது வீட்டில் நன்றாகக் கதை சொல்பவர் யாரோ அவரை உட்காரவையுங்கள். எழுத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் அரபுப் பெயர்களைப் படிக்கும் அழகைக் கேட்டால் எத்தனை சோகத்திலும் சிரிப்பு வரும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் எதிரொலி அடங்கும். போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். எனக்கு நடுவில் ஒரு கடன் அட்டைக்காரர் அழைத்துவிட்டார்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது எண்ணும் அடையாளமும் சேர்த்து: '04 நீர்க் கடிகாரம்', '07 குறுக்குக் கட்டை'. ஒரு பதிவு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி பிளேயரில் மாற்றிவிடுங்கள். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் போல இணையம் இல்லாமல் ஓடுவது ஒன்றை இறக்கிவைக்கலாம். எங்கே இருக்கிறோம் என்று பார்க்க அல்ல, எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்க்க.

இயர்போன் விஷயத்தில் நான் பழைய ஆள். ஒயர் உள்ளதுதான் நல்லது. நிறுத்துவதற்குப் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்க வேண்டாம், ஒயரில் உள்ள பொத்தான் போதும். ஒயர் இல்லாதது கூட்டத்தில் இடிபட்டுச் சாக்கடையில் விழுந்தால் விழுந்ததுதான். எப்போதும் சுவர்ப் பக்கத்துக் காதில் மட்டும் மாட்டுங்கள். தெருப் பக்கத்துக் காது பாலக்குக்கு.

புறப்படும் முன் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு தடவை கேட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். எந்த வாக்கியம் நீளம், எங்கே மூச்சு முட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

எந்த நாள், எந்த நேரம்

வெள்ளிக்கிழமை வேண்டாம். கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், பட்டறைகளில் சத்தம் இருக்காது, ஒலிக்காக நடப்பவருக்கு அது வெறும் சுவர் தரிசனம். மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கலாம். ரமலான் மாதத்தில் நேரமெல்லாம் மாறும். நாட்டின் கடிகாரத்தையே அப்போது ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள்.

முடிந்தால் முந்தின நாள் மாலை ஊருக்கு வடக்கே உள்ள, ஒரு காலத்தில் இங்கே ஆண்ட மரினிய வம்சத்துச் சுல்தான்களின் கல்லறை மேட்டுக்கு ஒரு டாக்சியில் போய்விட்டு வாருங்கள். கல்லறைகள் இடிந்துதான் கிடக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் அந்தக் கிண்ணம் முழுதாகத் தெரியும். மக்ரிப் எனும் அந்தித் தொழுகை நேரத்தில் ஒரு மினாரில் தொடங்கும் பாங்கு அடுத்தடுத்துப் பற்றிக்கொண்டு பள்ளத்தாக்கே முழங்கும். அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை.

வாயிலிலிருந்து மதரஸா வரை

பாப் பூஜ்லூத் என்ற நீல வாயிலில் தொடங்குங்கள். பார்ப்பவர்கள் ஆயிரம் வருடப் பழசு என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். இப்போதுள்ள வாயில் 1913-இல் கட்டியது, பிரெஞ்சு ஆட்சி வந்த அடுத்த வருடம். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. உள்ளே நுழைந்ததும் திரும்பி நின்று பச்சையைப் பாருங்கள், முதல் பதிவை அங்கே கேளுங்கள்.

அந்தப் பதிவில் ஊர் பிறந்த கதையைச் சொல்லிவிடலாம். 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் ஊர் அமைக்கிறார். மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்று. ஸ்பெயினின் கோர்தோபாவில் நடந்த கலகத்துக்குப் பிறகு விரட்டப்பட்டவர்கள் ஒரு கரையில் குடியேறினார்கள், துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையில். 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவிது ஆட்சியாளர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் இடையில் இருந்த மதில்களை இடித்து இரண்டையும் ஒன்றாக்கும்வரை, இரு கரைகளும் இரண்டு ஊர்களாகவே முறைத்துக்கொண்டிருந்தன.

வாயிலுக்குள் இரண்டு தெருக்கள் இறங்கும்: தலா கபீரா, தலா ஸ்கீரா. பெரிய சரிவு, சின்னச் சரிவு என்று பொருள். இடப்பக்கத்துப் பெரிய சரிவைப் பிடியுங்கள். சில நிமிடங்களில் பூ இனானியா மதரஸா வரும். டிக்கெட்டுக்குச் சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். இந்த நடையிலேயே நீண்ட நேரம் உட்கார வேண்டிய இடம் இது. முற்றத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூன்று அடுக்கு: கீழே ஸெல்லிஜ் என்ற வெட்டி ஒட்டிய ஓட்டுத்துண்டு வேலைப்பாடு, நடுவில் செதுக்கிய சுதை, மேலே அட்லஸ் மலைத் தேவதாரு மரம். கீழே கணக்கு, நடுவில் எழுத்து, மேலே காடு என்று என் பதிவில் சொல்லிக்கொண்டேன்.

கட்டியவர் மரினிய சுல்தான் அபூ இனான். 1350-களின் முதல் பாதியில் கட்டடம் எழுந்தது. செலவுக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டியபோது, அழகுக்கு விலை பார்ப்பதா என்று அவர் அதை ஆற்றில் எறிந்தாராம். கதைதான். எல்லா ஊரிலும் ஒரு ராஜா இப்படி எதையோ எறிந்திருக்கிறார்.

ஆனால் இதே அபூ இனானைப் பற்றிய இன்னொரு செய்தி கதை அல்ல, நம் பக்கத்தோடு தொடர்புடையதும்கூட. மொராக்கோவில் பிறந்த பயணி இப்னு பதூதா இருபது வருடங்களுக்கும் மேல் உலகம் சுற்றிவிட்டு இவருடைய அவைக்குத்தான் வந்துசேர்ந்தார். சுல்தானின் உத்தரவுப்படி அவர் வாயால் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் எழுதினார். 1355-இல் பயண நூல் முடிந்தது. மதரஸாவின் சுதைச் சுவரில் உளி ஓடிக்கொண்டிருந்த அதே வருடங்களில், அதே ஊரில், ஒரு மனிதர் மதுரை சுல்தானின் கொடுமைகளையும், மதுரையில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த கொள்ளைநோயையும், இலங்கையில் தன்னை உபசரித்த ஆரிய சக்கரவர்த்தியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த முற்றத்தில் தமிழ்ப் பதிவொன்றைக் கேட்க எனக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்கவில்லை. ஐந்து நிமிடப் பதிவு, என் மூன்று நிமிட விதியை மீறியது இது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் எதிர்ச் சுவரை அண்ணாந்து பாருங்கள். வரிசையாகச் சின்ன ஜன்னல்கள், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கைகள். தார் அல்-மகானா, 1357-இல் முடிந்த நீர்க் கடிகாரம். மரக்கைகளில் பித்தளைக் கிண்ணங்கள் இருந்தன, மணிக்கொரு முறை உலோக உருண்டை விழுந்து ஒலி எழுப்பும். உள்ளே இயந்திரம் எப்படி ஓடியது என்ற ரகசியம் தொலைந்துபோய்விட்டது. நான் இந்தப் பதிவின் இறுதியில் வீட்டுப் பித்தளைக் கிண்ணத்தில் கோலிக்குண்டைப் போட்ட சத்தத்தைச் சேர்த்திருந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் அந்தச் சுவருக்கு அடியில் அது வேலை செய்தது.

இறக்கம்

இனி வழி மட்டும் சொல்லும் பதிவுகள். தலா கபீரா விடாமல் இறங்கும். இறைச்சி, தேன், ஆலிவ், பிறகு ஷரப்லியின் என்ற பகுதியில் குதிகால் மூடாத தோல் செருப்புகள். காலை நேரத்தில் பிஸ்ஸாரா விற்கும் சின்னக் கடை தென்பட்டால் விடாதீர்கள். காய்ந்த மொச்சை வகைப் பருப்பை மசியக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும் மேலே தூவித் தருவார்கள். சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் இது பெரிய ஆறுதல். ஹரீரா சூப்பை மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள், இறைச்சி சேர்ந்திருக்கலாம்.

இந்த இறக்கத்தில்தான் "அந்தப் பக்கம் வழி அடைத்திருக்கிறது, வாங்க நான் காட்டுறேன்" என்று பையன்கள் வருவார்கள். பெரும்பாலும் எதுவும் அடைத்திருக்காது. சிரித்துக்கொண்டு "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி, நிற்காமல் நடங்கள். போனைக் கையில் பிடித்து விழித்துக்கொண்டு நிற்பவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். காதில் வழி கேட்டுக்கொண்டு போகிறவருக்கு இதிலும் ஒரு லாபம். முழுக்கத் தொலைந்துவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள், "ஃபீன் ஸஃப்பாரின்?" என்றால் கையைக் காட்டுவார். ஃபீன் என்றால் எங்கே, ஸஃப்பாரின் என்பது கீழே வரப்போகும் செம்புப் பட்டறைச் சதுக்கம்.

சரிவின் அடியில் மருதாணிச் சந்தை. மரநிழலில் மண்பாண்டமும் மருதாணியும் விற்கும் அமைதியான சதுக்கம். இதை ஒட்டி 13-ஆம் நூற்றாண்டில் மரினியர்கள் அமைத்த மாரிஸ்தான் இருந்தது, மனநோயாளிகளுக்கும் இடம் தந்த மருத்துவமனை. பின்னாளில் லியோ ஆஃப்ரிக்கானஸ் என்று ஐரோப்பா அறிந்த பயண எழுத்தாளர் ஹஸன் அல்-வஸ்ஸான் வாலிபத்தில் அங்கே கணக்கும் பத்திரமும் எழுதினார். அடுத்து நெஜ்ஜாரின் சதுக்கம். மூடிய கண்ணோடு வந்தாலும் தேவதாரு மரத்தூள் வாசனை சொல்லிவிடும், தச்சர்களின் இடம். 18-ஆம் நூற்றாண்டு வணிகச் சத்திரம் ஒன்று மர வேலைப்பாட்டு அருங்காட்சியகமாகியிருக்கிறது. கூரையில் தேநீர் கிடைக்கும், கால்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

கட்டையும் கதவும்

அங்கிருந்து ஒரு சந்தில் நுழைந்தால் தெருவின் குறுக்கே மரக்கட்டை ஒன்று இருக்கும். குனிந்துதான் போக வேண்டும். இரண்டாம் இத்ரீஸின் அடக்கத்தலத்தைச் சுற்றியுள்ள புனித எல்லை அது. கழுதைகள் அந்தக் கட்டையைத் தாண்டக் கூடாது. ஒரு காலத்தில் முஸ்லிம் அல்லாதவர்களும் தாண்டக் கூடாது. இன்று தெருவுக்குள் போகலாம், தலத்தின் உள்ளே முஸ்லிம்கள் மட்டும். வாசலில் நின்று பார்ப்பதில் தடையில்லை. இங்கே இயர்போனைக் கழற்றிவிடுங்கள். பிரார்த்தனைக்கு வந்தவர்கள் நடுவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நிற்பது நன்றாக இல்லை. பதிவைக் கட்டைக்கு வெளியிலேயே கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்தது அத்தாரின் என்ற மதரஸா, 1325-இல் முடிந்தது. பூ இனானியாவைவிடச் சிறியது, என் கண்ணுக்கு அதைவிட அழகு. ஒரு நிமிடப் பதிவு போதும், மீதி நேரம் வெறுமனே பாருங்கள்.

இதன் பக்கத்தில் தொடங்குகிறது அல்-கரவிய்யீன். பழைய நகரின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்றான மசூதி, ஆனால் தெருவிலிருந்து அதை முழுதாகப் பார்க்கவே முடியாது. சுற்றிலும் கடைகளும் வீடுகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கதவு கதவாகத்தான் அது தென்படும்: ஒரு திறப்பில் வெள்ளைத் தூண்கள், அடுத்ததில் ஒரு நீரூற்று, அதற்கடுத்ததில் பாயில் உட்கார்ந்து ஓதும் ஒரு முதியவர். ஆகவே இந்தப் பதிவை மட்டும் துண்டு துண்டாக எழுதினேன், கதவுக்கு ஒரு துண்டு.

859-இல் கைரவானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி தன் பரம்பரைச் சொத்தைக் கொண்டு இதைக் கட்டினார் என்பது மரபு. அக்கரையில் உள்ள அந்தலூசிய மசூதியைக் கட்டியது அவர் சகோதரி மர்யம் என்பார்கள். ஆளுக்கொரு கரை, ஆளுக்கொரு மசூதி. கொஞ்சம் கச்சிதமாக இருக்கிறது இல்லையா? இந்தக் கதை 14-ஆம் நூற்றாண்டில் இப்னு அபீ ஸர் எழுதியதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது, அதனால் சில ஆய்வாளர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். என் பதிவில் மரபையும் சொன்னேன், புருவத்தையும் சொன்னேன். உலகில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய கல்வி நிறுவனம் என்று கின்னஸ் பதிவு செய்திருப்பது இதைத்தான். இதன் நூலகத்தில் இப்னு கல்தூன் தாமே வழங்கிய அவரது வரலாற்று நூலின் பிரதி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நூலகத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவ்னி ஃபெஸ்ஸில் பிறந்தவர். அதாவது, கடைசிப் பழுதுபார்ப்பும் ஒரு பெண் கையால்.

பதிவே இல்லாத இடம்

நூலகத்தின் அருகே ஸஃப்பாரின் சதுக்கம். வருவதற்கு முன்பே கேட்கும்: செம்புத் தட்டில் சுத்தியல். ஒருவர் தட்டினால் எதிர்ப்பக்கத்துக்காரர் இடைவெளியில் தட்டுகிறார், மூன்றாமவர் கொஞ்ச நேரம் கழித்துச் சேர்கிறார். பேசிவைத்துக்கொண்டு தட்டுகிறார்களா என்று சந்தேகம் வரும். கல்யாணச் சமையலுக்கான அண்டாக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இந்த இடத்துக்கு நான் முழு மூன்று நிமிடம் எழுதி, பதிவும் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்கவே இல்லை. மரத்தடிக் கடையில் புதினாத் தேநீர் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நீங்கள் அந்தப் பதிவைத் தயாரிக்கவே வேண்டாம்.

அப்புறம் ஷுவாரா, தோல் பதனிடும் தொட்டிகள். மூக்கு கூட்டிப்போகும். மேலிருந்து பார்க்க வேண்டுமானால் தோல் கடைகளின் மாடிக்குத்தான் ஏற வேண்டும். ஏறும்போது ஒரு கொத்துப் புதினா தருவார்கள், இறங்கும்போது ஜாக்கெட் விற்கப் பார்ப்பார்கள். வாங்காவிட்டால் சிறு தொகை கொடுத்துவிட்டு வரலாம், அதை ஏறும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும். சுண்ணாம்பு முடியை இளக்கும், எச்சத்தில் உள்ள அமோனியா தோலை மென்மையாக்கும். அதன் பிறகு சாயத் தொட்டிகள். இடுப்பளவு அதில் இறங்கி நின்று ஆட்கள் மிதிக்கிறார்கள். மாடியில் நின்று அதைப் பார்க்கையில் வண்ணங்களின் அழகு பற்றி ஒரு குரல் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் தொழில் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லும் பதிவு போதும். படம் எடுப்பதானால் ஆட்களின் முகத்தை விட்டுவிடுங்கள்.

திரும்பும் வழி

நீல வாயிலிலிருந்து ஸஃப்பாரின் வரை தூரம் ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது. ஆனால் இப்படி நின்று நின்று வந்தால் நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். மறுபடி ஏற்றம் ஏற முழங்காலுக்கு மனசு இருக்காது. ஆற்றோரத்து ரஸீஃப் சதுக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வரை வண்டிகள் வரும். சிவப்புச் சின்ன டாக்சிகளில் மீட்டர் உண்டு. ஏறியதும் "கோன்தூர்" என்று பிரெஞ்சில் சொல்லுங்கள், மீட்டரைப் போடுவார்.

தெம்பு மிச்சமிருந்தால் பாலம் தாண்டி அந்தலூசியக் கரைக்கு ஏறுங்கள். பயணிகள் குறைவு, பெயர்ப் பலகையும் குறைவு. சாயங்காலம் பிள்ளைகள் தலையில் பலகை வைத்து, துணி மூடிய மாவு வட்டங்களைத் தெருவின் பொது அடுப்புக்கு எடுத்துப் போவதைப் பார்க்கலாம். அந்தக் கரைக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதிவு, மர்யமின் மசூதி வாசலில் கேட்பதற்கு. அதைத் தட்டப் போன நேரத்தில் போன் உயிரை விட்டது. பவர் பேங்கைத் தங்குமிடத்தில் மறந்து வைத்திருந்தேன். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.